முப்பத்தொன்பது ஷில்லிங்

1771ஆம் ஆண்டு. இலண்டன் மாநகரில் லட்கேட் ஹில் என்பது ஒரு கடைவீதி. அங்கிருந்த துணிக்கடை ஒன்றினுள் இருபது வயதும் நிரம்பாத இளம்பெண் ஒருத்தி நுழைந்தாள். பெயர் மேரி ஜோன்ஸ். பால்க்லாந்து தீவுகளை முன்னிட்டு ஸ்பெயினோடு போர் மூளும் என்ற அச்சம் அந்நாளில் நிலவிற்று. கடற்படைக்கு ஆள் தேவைப்பட்டது. ஆள்பிடிக்கும் கூட்டத்தார் அவளுடைய கணவனை வலுக்கட்டாயமாகக் கொண்டு சென்றுவிட்டனர். இருந்த தட்டுமுட்டுச் சாமான்கள் அவனுடைய கடனுக்குப் போயின. இரண்டு பிள்ளைகளோடு அவள் தெருவிலே நின்றாள். கடையில் கிடந்த மஸ்லினை, நம் பெரியவர்கள் சல்லா என்று சொல்லுவார்களே அந்த மெல்லிய துணியை, எடுத்து மேலாடைக்குள் மறைத்தாள். கடைக்காரர் பார்த்துவிட்டார். பார்த்துவிட்டார் என்று தெரிந்ததும் துணியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டாள்.

அவளைத் தூக்கிலிட்டார்கள்.

ஆறு ஆண்டுகள் சென்ற பின், 1777இல், சர் வில்லியம் மெரிடித் என்னும் உறுப்பினர் இந்த வரலாற்றைப் பாராளுமன்றத்தின் பொதுமக்கள் சபையில் எடுத்துச் சொன்னார். மரண தண்டனைக்குரிய குற்றங்களின் பட்டியலை இன்னும் நீட்டாதீர்கள் என்று வாதாடும்போது அவர் காட்டிய சான்று இது. டைபர்ன் என்ற கொலைக்களத்திற்கு அவள் வண்டியில் ஏற்றப்பட்டபோது கைக்குழந்தை அவள் மார்பில் பால் குடித்துக்கொண்டிருந்தது என்று அவர் கூறினார். சபை கேட்டுக்கொண்டது. சட்டம் மேலும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அப்படியே இருந்தது.

அது எந்தச் சட்டம்? 1699இல் இயற்றப்பட்ட சட்டம். கடையிலிருந்து ஐந்து ஷில்லிங் பெறுமானமுள்ள பொருளைப் பிறர் அறியாமல் எடுத்தால் மரணம் என்றது அது. பன்னிரண்டு பென்ஸ் ஒரு ஷில்லிங். இருபது ஷில்லிங் ஒரு பவுன். ஆகவே ஒரு பவுனில் நாலில் ஒரு பங்கு ஓர் உயிரின் விலை என்று கணக்காயிற்று. வீட்டினுள் திருடினால் 40 ஷில்லிங் வரம்பு. அது 1713இன் சட்டம். பிறர் சட்டைப்பையிலிருந்து ஒரு ஷில்லிங்குக்கு மேல் அடித்தவனுக்கு எலிசபெத் அரசியார் காலத்திலேயே, 1565இல், தூக்கு எழுதிவைத்துவிட்டார்கள்.

1688இல் ஏறத்தாழ ஐம்பதாக இருந்த மரண தண்டனைக் குற்றங்கள் 1765 அளவில் 160 ஆயின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருநூறைத் தாண்டின. கொலை, கொள்ளை, இராஜத்துரோகம் போன்றவை இப்பட்டியலில் இருப்பதில் வியப்பில்லை. மற்றவற்றைப் படிக்கும்போதுதான் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தைச் சேதப்படுத்தினால் மரணம். நாடோடிகளான ஜிப்ஸிகளோடு ஒரு மாத காலம் கூடித் திரிந்தால் மரணம். இந்த விதி 1783 வரை ஏட்டில் இருந்தது. 1723இல் பிறந்தது 'கறுப்புச் சட்டம்'. பெருநிலக்கிழார்களின் வனங்களில் முகத்தில் கரி பூசிக்கொண்டு மான் வேட்டையாடியவர்களை அடக்க அது வந்தது. முகத்தைக் கறுப்பாக்கிக்கொண்டு ஆயுதத்தோடு காட்டில் காணப்பட்டாலே தூக்கு. பிறர் வளர்த்த மரத்தை வஞ்சம் வைத்து வெட்டினாலும், மீன்வளர்க்கும் குளத்தின் கரையை உடைத்தாலும் தூக்கு. இந்த ஒரே சட்டம் ஐம்பது வகைக் குற்றங்களுக்குக் கயிற்றைக் காட்டியது. மூன்றாண்டுகளுக்கென்று தற்காலிகமாக வந்தது, நூறாண்டு இருந்தது.

இத்தனை கடுமைக்குக் காரணம் இல்லாமலில்லை. இலண்டனுக்கு முறையான காவல்துறை 1829இல்தான் வந்தது. அதற்கு முன் இரவுக் காவலாளிகளும், சன்மானத்திற்காகத் திருடனைப் பிடித்துக் கொடுப்பவர்களுமே இருந்தனர். பிடிபடுகிறவன் சிலரே, ஆகவே பிடிபட்டவனைத் தொங்கவிட்டு மற்றவனை நடுங்கச் செய்வோம் என்று ஆள்வோர் எண்ணினர். பாராளுமன்றத்தில் அமர்ந்திருந்தவர்கள் நிலமும் கடையும் கப்பலும் உடையவர்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். தத்தம் சொத்துக்கு ஒரு சட்டம் என்று ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்தார்கள்.

இதற்கு முற்பட்ட காலத்துச் சட்டங்களோ வேறு வகையில் விசித்திரமானவை. மத்திய காலத்தில் மதகுருமார்களைச் சாதாரண நீதிமன்றம் தண்டிக்க முடியாது. திருச்சபையின் மன்றமே விசாரிக்கும். ஒருவர் மதகுருதானா என்று அறிவது எப்படி? அக்காலத்தில் படிக்கத் தெரிந்தவர் பெரும்பாலும் மதகுருவே. எனவே படிக்கச் சொன்னார்கள். நாளடைவில் யார் படித்தாலும் சலுகை உண்டு என்றாயிற்று. தாவூது நபி பாடியவை என்று கிறிஸ்தவர்கள் கொள்ளும் சங்கீதங்களில் 51ஆவதன் முதல் வசனத்தைத்தான் வழக்கமாக நீட்டுவார்கள். இறைவனிடம் கருணை வேண்டும் வசனம் அது. 'கழுத்து வசனம்' என்றே அதற்குப் பெயர் விழுந்தது. கழுத்தைக் காப்பாற்றுகிற வசனம்! எழுத்தறியாத கள்வனும் அதை மனப்பாடம் செய்துகொண்டு வந்து, புத்தகத்தைப் பார்த்து வாசிப்பது போல ஒப்பித்தான். 1489 முதல், இச்சலுகையைப் பெற்ற சாதாரண மனிதனின் கட்டைவிரலில் காய்ச்சிய இரும்பால் சூடு போட்டார்கள், இரண்டாம் முறை கேட்டு வந்தால் கண்டுகொள்வதற்காக.

நாடகாசிரியர் பென் ஜான்சன், ஷேக்ஸ்பியரின் சமகாலத்தவர், 1598இல் ஒரு நடிகரை வாட்சண்டையில் கொன்றார். வசனத்தைப் படித்தார், விரலில் சூடு வாங்கிக்கொண்டார், வீடு திரும்பினார். அவருடைய புகழ்பெற்ற நாடகங்களில் பெரும்பாலானவை அதற்குப் பின் எழுதப்பட்டவை. அதே நாளில் வசனம் தெரியாத ஏழை ஒருவன் ஓர் ஆட்டைத் திருடியிருந்தால் தொங்கியிருப்பான். பெண்களுக்கோ இச்சலுகை 1623 வரை கிடையாது. ஆணுக்குச் சமமாகக் கிடைத்தது அந்நூற்றாண்டின் இறுதியில்தான். படிக்கும் சோதனையை 1706இல் நீக்கினார்கள். ஆனால் அதற்குள் பாராளுமன்றம் வேறொரு வழி கண்டுவிட்டது. எந்தக் குற்றத்தைக் கடுமையாக்க நினைத்ததோ அதற்கெல்லாம் 'இச்சலுகை கிடையாது' என்று ஒரு வரி சேர்த்தது. மேரி ஜோன்ஸைக் கொன்றது அந்த ஒரு வரியே.

இன்னொரு கொடுமையையும் சொல்லத்தான் வேண்டும். குற்றவாளிக் கூண்டில் நிற்பவன் 'குற்றவாளி' என்றோ 'அல்ல' என்றோ வாய் திறந்து சொன்னால்தான் விசாரணை தொடங்கும். சொல்ல மறுத்தால்? மல்லாக்கப் படுக்கவைத்து மார்பின்மேல் பாரம் ஏற்றினார்கள். வாய் திறக்கும்வரை அல்லது உயிர் பிரியும்வரை. இதை ஏன் ஒருவர் தாங்கிக்கொள்ள வேண்டும்? தீர்ப்பில் குற்றவாளி என்றால் சொத்து முழுவதும் அரசுக்குப் போகும். விசாரணையே இல்லாமல் இறந்தால் பிள்ளைகளுக்கு மிஞ்சும். யார்க் நகரத்து இறைச்சிக் கடைக்காரர் ஒருவரின் மனைவியான மார்கரெட் கிளிதரோ, தடை செய்யப்பட்ட கத்தோலிக்கப் பாதிரிமாருக்கு இடங்கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. விசாரணை நடந்தால் தம் பிள்ளைகளையே தமக்கெதிராகச் சாட்சி சொல்ல வைப்பார்கள் என்று அவர் பதில் சொல்ல மறுத்தார். 1586 மார்ச் 25ஆம் நாள் அவர்மேல் ஒரு கதவை வைத்துப் பாரம் ஏற்றினார்கள். கால்மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. இம்முறை ஒழிந்தது 1772இல்.

அறியாமைக் காலத்துச் சங்கதி என்று தள்ளிவிடவும் முடியாது. 1817இல் பர்மிங்ஹாம் அருகே மேரி ஆஷ்போர்ட் என்ற பெண் இறந்து கிடந்தாள். ஆபிரகாம் தார்ன்டன் என்பவனைப் பிடித்து விசாரித்து விடுவித்தார்கள். பெண்ணின் சகோதரன் பழைய சட்டமொன்றைத் தேடி எடுத்து மறுவழக்குத் தொடர்ந்தான். தார்ன்டன் அதைவிடப் பழைய சட்டத்தை எடுத்தான். நீதிமன்றத்தில் கையுறையைக் கழற்றித் தரையில் எறிந்து, "சண்டைக்கு வா" என்றான்! குற்றம் சாட்டியவனோடு பொருதி வென்றால் நிரபராதி என்னும் நார்மன் காலத்து விதி அது. நீராவி எந்திரம் ஓடிய காலத்தில் பிரதம நீதிபதி எல்லன்பரோ பிரபு ஏடுகளைப் புரட்டிப் பார்த்து, சட்டம் இன்னும் உயிரோடிருக்கிறது என்று 1818இல் தீர்ப்பளித்தார். சகோதரன் சண்டைக்கு வரவில்லை, தார்ன்டன் விடுதலையானான். அடுத்த ஆண்டே அவசரமாக அவ்விதியை நீக்கினார்கள். இந்த எல்லன்பரோ பிரபுவை மீண்டும் சந்திப்போம்.

வேடிக்கைகள் கிடக்கட்டும். இத்தனை மரண தண்டனைகளும் அப்படியே நிறைவேறியிருந்தால் இங்கிலாந்தில் மரம் போதாது. 1770 முதல் 1830 வரை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மரண தண்டனை விதிக்கப்பட்டவர்கள் சுமார் 35,000 பேர். உண்மையில் தூக்கிலேறியவர்கள் சுமார் 7,000. எஞ்சிய நான்கு பங்கினர் எப்படித் தப்பினர்?

ஒரு வழி மன்னிப்பு. ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் கடிதம் எழுதினால், நீதிபதி மனம் வைத்தால், மன்னர் இசைந்தால், தூக்கு நாடுகடத்தலாக மாறும். முதலில் அமெரிக்காவுக்கும், அமெரிக்கா கைநழுவியபின் 1788 முதல் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பல் கப்பலாக அனுப்பினர். 1868இல் அது நிற்கும்வரை ஆஸ்திரேலியாவுக்குச் சென்ற கைதிகள் ஏறத்தாழ 1,60,000 பேர். கடிதம் எழுத ஆளில்லாதவன் கதி என்ன என்று கேட்க வேண்டியதில்லை. பண்ணையாருக்கு முன் தொப்பியைக் கழற்றி நிற்கும் பழக்கம் ஏழைக்கு எங்கிருந்து வந்தது என்பதற்கு இதுவும் ஒரு விடை.

மற்றொரு வழிதான் என்னை வெகுநேரம் சிந்திக்க வைத்தது. ஜூரிகள் பன்னிருவர். கடைக்காரர், தச்சர், விவசாயி என்று நடுத்தர மனிதர்கள். உண்மையான தீர்ப்பு வழங்குவோம் என்று வேதத்தின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்து அமர்ந்தவர்கள். எதிரே நிற்பது ஒரு சிறுவன் அல்லது வேலைக்காரப் பெண். சாதாரணக் குற்ற வழக்குகளில் சிறைப்பட்டவனுக்காக வழக்கறிஞர் ஜூரிகளிடம் வாதாட 1836 வரை உரிமை இல்லை. பெரும்பாலான வழக்குகள் சில நிமிடங்களில் முடிந்தன. திருடியது உண்மை, சாட்சி தெளிவு. உண்மையைச் சொன்னால் குழந்தை தொங்கும். பொய் சொன்னால் சத்தியம் முறியும்.

அவர்கள் பொய் சொன்னார்கள். நாற்பது ஷில்லிங்குக்கு மரணமா? பொருளின் மதிப்பு முப்பத்தொன்பது ஷில்லிங் என்றார்கள். கடையில் ஐந்து ஷில்லிங்கா? நான்கு ஷில்லிங் பத்து பென்ஸ். பத்துப் பவுன் நோட்டு ஒன்றைத் திருடிய வழக்கிலும் அதன் மதிப்பு முப்பத்தொன்பது ஷில்லிங்தான் என்று தீர்ப்புச் சொன்ன ஜூரிகள் உண்டு. பத்துப் பவுன் என்றால் இருநூறு ஷில்லிங். அது நோட்டின் முகத்திலேயே அச்சிட்டிருக்கிறது! நீதிபதிகளும் கண்டும் காணாதிருந்தனர். ஆங்கிலச் சட்ட மேதை பிளாக்ஸ்டன் இதற்கு 'பக்தி மிகுந்த பொய்ச் சத்தியம்' என்று பெயர் வைத்தார்.

இரக்கம் உயர்ந்ததுதான். ஆனால் சத்தியத்தைக் காக்க வேண்டிய இடத்தில், சத்தியத்தை முறித்தால்தான் இரக்கம் காட்ட முடியும் என்ற நிலைக்கு நல்ல மனிதர்களைத் தள்ளியது எது? அச்சட்டத்தின் கடுமைதான். திருடனைத் திருத்தவில்லை, பன்னிரண்டு நேர்மையாளர்களைப் பொய்யர்களாக்கியது. ஜூரிகளின் மனநிலை அன்றைக்கு எப்படியோ, அப்படியே நியாயமும். ஒரே குற்றம் செய்த இருவரில் ஒருவன் சவுக்கடியோடு வீடு திரும்பினான், மற்றவன் திரும்பவில்லை. மேரி ஜோன்ஸின் ஜூரிகளுக்கு அன்று முப்பத்தொன்பது ஷில்லிங் நினைவுக்கு வரவில்லை.

இந்தச் சட்டம் கடல் கடந்து நம் நாட்டிற்கும் வந்தது. 1775 மார்ச்சில் மகாராஜா நந்தகுமார், கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் இலஞ்சம் வாங்கினார் என்று கல்கத்தாவில் பகிரங்கமாகக் குற்றம் சாட்டினார். மே மாதத்தில் அவர் கைதானார். சில ஆண்டுகளுக்கு முந்திய ஒரு கடன் பத்திரத்தைப் பொய்யாகப் புனைந்தார் என்பது வழக்கு. அப்போதுதான் நிறுவப்பட்டிருந்த சுப்ரீம் கோர்ட்டில் எலைஜா இம்பே தலைமையில் விசாரணை நடந்தது. பொய்ப் பத்திரத்திற்கு மரணம் என்பது 1729இல் இங்கிலாந்தின் வணிகர்களுக்காக இயற்றிய சட்டம். வங்காளத்தில் அன்று வழங்கிவந்த இஸ்லாமியக் குற்றவியல் சட்டப்படியோ, இந்துக்களின் வழக்கப்படியோ அது உயிர் வாங்கும் குற்றமன்று. இங்கே ஜூரிகளாக அமர்ந்தவர்கள் ஐரோப்பிய வமிசத்தார். முப்பத்தொன்பது ஷில்லிங் இரக்கம் அவர்களிடத்தில் பிறக்கவில்லை. ஆகஸ்ட் 5ஆம் நாள் நந்தகுமார் தூக்கிலிடப்பட்டார்.

ஈராண்டுகள் கழித்து இலண்டனில் அதே குற்றத்திற்காக டாக்டர் வில்லியம் டாட் என்ற பிரசித்தி பெற்ற பாதிரியார் கூண்டில் நின்றார். செஸ்டர்பீல்டு பிரபுவின் பெயரால் 4,200 பவுனுக்குப் பொய்ப் பத்திரம் எழுதியவர். அவருக்காக அகராதி ஆசிரியர் சாமுவேல் ஜான்சன் மனுக்கள் எழுதிக் கொடுத்தார். இருபதினாயிரத்திற்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். அவரும் தப்பவில்லை. ஆயினும் இலண்டன் அவருக்காக அழுதது. கல்கத்தாவில் நந்தகுமாருக்காக அழுதவர்களின் குரல் எந்த மன்றத்திலும் ஏறவில்லை.

வங்காளத்தின் குற்றவியல் மன்றங்களில் காஜிகளும் முப்திகளும் தீர்ப்புக் கூறி வந்தனர். கார்ன்வாலிஸ் பிரபு 1790 முதல் அதைத் திருத்தத் தொடங்கினார். கொலையுண்டவனின் வாரிசுகள் கொலையாளியை மன்னிக்கலாம் என்ற உரிமையை எடுத்தார். கைகால் துண்டிக்கும் தண்டனையை 1791இல் சிறைத் தண்டனையாக மாற்றினார். பின்னதைக் குறைகூற நான் வரவில்லை. ஆனால் கையை வெட்டுவது காட்டுமிராண்டித்தனம் என்று அங்கே எழுதிய அதே தலைமுறையினரின் சொந்த நாட்டில், ஐந்து ஷில்லிங்குக்குக் கழுத்தை இறுக்கும் சட்டம் அன்றும் நடைமுறையில் இருந்தது. கள்ளநாணயம் அடித்த கேத்தரின் மர்பி என்ற பெண்ணை முதலில் தூக்கிலிட்டுப் பின்பு அவள் உடலைக் கம்பத்தில் எரித்தது 1789இல். பெண்களை எரிக்கும் தண்டனையை நீக்கியது 1790இல். கண்ணாடியில் முகம் பார்க்க யாருக்கும் அவ்வளவு எளிதில் மனம் வருவதில்லை.

பட்டாளத்து ஒழுங்கும் இதே அச்சில் வார்த்ததுதான். நம் வேலூரில் 1806 மே மாதம், புதிய வகைத் தலைப்பாகையை அணிய மறுத்த சிப்பாய்களில் ஒரு முஸ்லிமுக்கும் ஓர் இந்துவுக்கும் தலா 900 கசையடி கொடுத்து வேலையிலிருந்து விரட்டினார்கள். ஜூலை 10ஆம் நாள் விடியுமுன் வேலூர்க் கோட்டையில் என்ன நடந்தது என்பதை நம் பிள்ளைகள் பள்ளிப் பாடத்திலேயே படிக்கிறார்கள். ஆங்கிலச் சிப்பாய்க்கும் இதே சவுக்குதான். 1846இல் ஹவுன்ஸ்லோ பாசறையில் 150 அடி வாங்கிய பிரடெரிக் ஜான் ஒயிட் சில வாரங்களில் இறந்தான். அடியினால் சாகவில்லை என்று பட்டாளத்து மருத்துவர்கள் எழுதினர். மரண விசாரணை ஜூரிகளோ அடியினால்தான் செத்தான் என்றனர். இம்முறை ஜூரிகள் பொய் சொல்லத் தேவைப்படவில்லை. அதன் பின் ஐம்பதுக்கு மேல் அடிக்கலாகாது என்றானது. 1881இல் தரைப்படையில் கசையடியே ஒழிந்தது. பெருங்குடிப் பிள்ளைகள் படித்த ஈட்டன் பள்ளியில் தலைமை ஆசிரியர் கீட் 1832இல் ஒரே இரவில் எண்பது மாணவர்களைப் பிரம்பால் விளாசினார் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். சட்டம் இயற்றியவர்கள் வளர்ந்த இடமும் அப்படித்தான் இருந்தது.

மாற்றம் எப்படி வந்தது? சாமுவேல் ரோமில்லி என்பவர் பிரான்சிலிருந்து மதக் கொடுமைக்கு அஞ்சி ஓடிவந்த குடும்பத்தில் 1757இல் பிறந்தவர், வழக்கறிஞர், அரசாங்கத்தின் சட்ட அதிகாரியாகவும் இருந்தவர். 1808இல் சட்டைப்பைத் திருட்டுக்குரிய மரண தண்டனையை நீக்கச் செய்தார். 1810இல் ஐந்து ஷில்லிங் சட்டத்தைத் தொட்டார். பொதுமக்கள் சபை இசைந்தது. பிரபுக்கள் சபையில் எல்லன்பரோ எழுந்தார். இதை நீக்கினால் அடுத்து நாற்பது ஷில்லிங் சட்டத்தையும் நீக்கச் சொல்வார்கள், பிறகு எவர் சொத்துக்கும் காப்பில்லை, தலையில் நிற்கிறோமா காலில் நிற்கிறோமா என்றே தெரியாமல் போய்விடும் என்றார். 11 பேர் ஆதரித்தனர். 31 பேர் எதிர்த்துத் தோற்கடித்தனர். அந்த 31 பேரில் கான்டர்பரி தலைமைக் குருவும் வேறு ஆறு பிஷப்புகளும் அடங்குவர். கருணை வேண்டும் சங்கீதத்தை ஓதுகிறவர்கள்.

ரோமில்லி சளைக்கவில்லை. அவருக்குத் துணையாக வந்தவர்கள் யார் என்பதுதான் இவ்வரலாற்றின் சுவையான பகுதி. துணி வெளுக்கும் மைதானங்களின் முதலாளிகள் மனுக் கொடுத்தார்கள்: எங்கள் துணியைத் திருடினால் தூக்கு என்ற சட்டத்தை நீக்குங்கள்! இரக்கம் ஒருபுறமிருக்கட்டும், தூக்கு என்றால் ஜூரிகள் எவனையும் குற்றவாளி என்று சொல்ல மறுக்கிறார்கள், திருடன் கைவீசிப் போகிறான், எங்களுக்குத்தான் நஷ்டம். 1811இல் அது நீங்கிற்று. ரோமில்லி தம் மனைவி இறந்த துயரம் தாளாது 1818 நவம்பரில் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். ஐந்து ஷில்லிங் சட்டம் வீழ்ந்தது 1820இல். அதை அவர் காணவில்லை.

உள்துறை அமைச்சர் ராபர்ட் பீல் 1827இல் வீட்டுத் திருட்டின் வரம்பை நாற்பது ஷில்லிங்கிலிருந்து ஐந்து பவுனாக உயர்த்தினார். ஜூரிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? முப்பத்தொன்பது ஷில்லிங்கைக் கைவிட்டார்கள். அதன் பின் களவுபோன பொருள்களின் மதிப்பெல்லாம் நான்கு பவுன் பத்தொன்பது ஷில்லிங் ஆயிற்று.

பொய்ப் பத்திரக் குற்றத்திற்காக இங்கிலாந்தில் கடைசியாகத் தூக்கிலேறியவன் தாமஸ் மேனார்ட். நாள் 1829 டிசம்பர் 31. அடுத்த ஆண்டில் 214 ஊர்களின் வங்கி முதலாளிகள், அந்தச் சட்டம் எவர் பணத்தைக் காக்கப் பிறந்ததோ அவர்களே, பாராளுமன்றத்திற்கு மனு அனுப்பினர். தூக்கு இருக்கும்வரை எந்த ஜூரியும் குற்றவாளி என்று சொல்லப்போவதில்லை, ஆகவே அதை எடுத்துவிடுங்கள் என்றனர். 1832இல் ஒரு பகுதியை எடுத்தார்கள். 1837இல் முற்றாக எடுத்தார்கள். கல்கத்தாவில் நந்தகுமார் தூக்கிலேறி அப்போது 62 ஆண்டுகள் ஆகியிருந்தன.